உருப்போட்ட சாட்சி

பழனி
12-10-1959

தமயந்திக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டிரைவர் நல்லசாமி வாக்கு மாறிவிட்டான். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அட்டுவம்பட்டி இறக்கத்தில் நம் லாரி அந்தப் பள்ளங்கிக்காரி பிச்சையம்மாள் மேல் ஏறி அவள் செத்ததிலிருந்து போன வாரம் வரைக்கும், "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது வேறு வக்கீலைப் பிடித்துக்கொண்டு, ஓட்டியது முதலாளி குமாரவேல், அதாவது நான்தான் என்கிறானாம். தண்டனை ஆனால் லைசென்ஸ் போய்விடும், ஆயுசுக்கும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று அவன் பெண்டாட்டி இருளாயிக்கு யாரோ ஓதிவிட்டார்கள். அவன் உள்ளே இருக்கிற வரை குடும்பத்தை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

அன்றைக்கு வண்டிக்குள் இருந்தது மூன்று பேர். நான், அவன், நீ. ஆகவே உனக்குச் சம்மன் வரும். நவம்பர் பதினெட்டாம் தேதி கொடைக்கானல் கோர்ட்டில் வாய்தா.

நம் வக்கீல் எழுதிக் கொடுத்த காகிதத்தை உள்ளே வைத்திருக்கிறேன். பதினோரு வரிதான். உருப்போட்டுவிடு. டீச்சருக்கு இது ஒரு வேலையா? நல்லசாமி ஸ்டியரிங்கில், நான் நடுவில், நீ கதவோரம். பனிமூட்டம். தலையில் பூண்டுச் சுமையோடு அந்த அம்மாள் திடீரென்று குறுக்கே வந்தாள். கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் உன் பதில் இந்தப் பதினோரு வரியைத் தாண்டக் கூடாது. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் அங்கேதான் கால் இடறும் என்கிறார் வக்கீல். அன்றைக்குப் போலீஸில் நான் சொன்னதற்குக் கீழே நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதை மறக்காதே.

நேரில் வந்து சொல்லியிருப்பேன். சாட்சியும் நானும் சேர்ந்து நிற்பதை யாரும் பார்க்கக் கூடாதாம். உன் மதினி சுந்தராம்பாளுக்கு இது எட்டாம் மாதம். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெள்ளனே எழுந்து மலைக்கோயில் வேலைக்குப் போகிறார், வருகிறார்.

படித்ததும் எரித்துவிடு.

குமாரவேல்


அட்டுவம்பட்டி
21-10-1959

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்தேன். இது நான்காவது. இதையாவது தபாலில் சேர்க்க வேண்டும்.

காகிதத்தை உருப்போட்டுவிட்டேன். ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது. அப்படி வந்துவிட்டதே என்றுதான் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நான் நாளெல்லாம் சொல்லும் வார்த்தை அது. வாய்ப்பாட்டை உருப்போடு, செய்யுளை உருப்போடு. அதற்கு என்ன பொருள் என்று நின்று யோசித்ததில்லை. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வெள்ளைக்காரர், தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? போன வாரம் அவர் கேட்டார். மனப்பாடம் என்றால் புரிகிறதாம், மனதுக்குள் பாடம். இந்த உரு என்ன என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அலமாரியிலிருந்த பழைய அகராதியை எடுத்துப் பார்த்தோம். உரு என்றால் வடிவம், உடல். அதற்குக் கீழே இன்னொரு பொருள்: மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் தடவை. அப்பா நூற்றெட்டு உரு, ஆயிரத்தெட்டு உரு என்பாரே, அது. கோயிலில் வழங்கிய வார்த்தைதான் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது போலிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். ஒரே சொல் எப்படித் தடவைக்கும் ஆகிறது, உடலுக்கும் ஆகிறது என்று அவர் மறுபடி கேட்டார். பல தடவை சொன்னால் சொன்னது உடம்பெடுத்துக்கொண்டு எதிரே வந்து நிற்கும் என்று நம்பியிருப்பார்கள் என்றேன். என் வாயில் சும்மா வந்த பதில் அது. சரியா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவு வழியாக நடந்து வந்தேன். நின்று, கண்ணை மூடி, அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நல்லசாமியின் கைகள் தெரிந்தன. முழங்கை வரை சட்டையை மடித்துவிட்ட கறுத்த கைகள். உங்கள் மோதிரம் தெரியவில்லை. எவ்வளவு முயன்றும் அதைக் கொண்டுவர முடியவில்லை.

அண்ணா, நான் அந்தக் கூண்டில் ஏறிப் பொய் சொல்வேனோ என்பது அல்ல என் பயம். பதினெட்டாம் தேதிக்குள் அது எனக்குப் பொய்யாகவே தெரியாமல் போய்விடும்.

வேறு வழி இல்லையா என்று வக்கீலைக் கேளுங்கள். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தமயந்தி


பழனி
27-10-1959

தமயந்தி,

உன்னிடம் நான் அர்த்தமா கேட்டேன்?

ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள். உரு என்றால் எண்ணிக்கை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பத்து வயதிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ருத்திராட்சம் உருட்டியவன் நான். நீ அடுத்த அறையிலிருந்து காதில் வாங்கியவள். ஆறெழுத்தை ஆயிரத்தெட்டு முறை சொன்னபோது எனக்கு முருகனும் தெரியவில்லை, மயிலும் தெரியவில்லை. அடுப்பில் வேகிற பருப்புதான் மணத்தது. வாய் சொல்லும், விரல் எண்ணும், மனது எங்கேயோ மேயும். உரு ஏறத் திரு ஏறும் என்பார்கள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. உனக்கும் மனது வேண்டாம். வாய் போதும்.

ஸ்டியரிங்கில் நல்லசாமி கை தெரிந்தது என்று எழுதுகிறாய். நல்லது. இன்னும் பத்து நாள் சொல்லு. நன்றாக நெட்டுரு ஆகட்டும்.

ஒன்று கேட்கிறேன். லோடு ஏற்றி முடிந்து நல்லசாமி கதவைத் திறந்தபோது, "அண்ணே, நீங்க ஓட்டுங்க, நான் பாக்கணும்" என்று சொன்னது யார்? எனக்கு லைசென்ஸ் இல்லை என்றேன். "மலையில யாரு கேக்கப் போறா" என்று சிரித்தது யார்? மூன்று மாதமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பதினோரு வரி உன்னையும் சேர்த்துத்தான் மூடி வைத்திருக்கிறது.

வேறு வழி இல்லை. பதினெட்டாம் தேதி நீ மாற்றிச் சொன்னால் பழனியில் உனக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை மறந்துவிடு. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

குமாரவேல்


அட்டுவம்பட்டி
3-11-1959

அண்ணனுக்கு,

நான்தான் சொன்னேன். சிரித்ததும் நான்தான். நீங்கள் எழுதித்தான் எனக்கு நினைவு வர வேண்டும் என்பதில்லை.

சனிக்கிழமை இருளாயி வந்தாள். நாயுடுபுரத்திலிருந்து மழையில் நடந்தே வந்திருக்கிறாள். வாசலில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். கெஞ்சுவாள் அல்லது ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

"சாட்சி சொல்லுங்கன்னு கேக்க வரல டீச்சர். அது உங்க பாடு. எனக்கு ஒரு எழுத்துச் சோலிதான் ஆகணும்" என்றாள்.

நல்லசாமிக்கு நடந்ததைச் சொல்லத் தெரியவில்லையாம். வக்கீல் முன்னால் நின்றால் உளறுகிறானாம். கடைசியில் நடந்ததை முதலில் சொல்கிறான், முதலில் நடந்ததை விட்டுவிடுகிறான். இப்படிச் சொன்னால் எந்த மாஜிஸ்திரேட்டும் நம்ப மாட்டார் என்று அவர்கள் வக்கீல் கைவிரித்துவிட்டாராம்.

"பொய்யத்தான் ரெண்டு மாசமாச் சொல்லிச் சொல்லிப் பழகிட்டாரு. அது தண்ணியா வருது. உள்ளதுதான் வர மாட்டேங்குது. நடந்தத நடந்த மேனிக்கு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. அதையும் உருப்போட வச்சிர்றேன்."

அண்ணா, உள்ளதை உருப்போட வேண்டும் என்று யாராவது கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தபால்காரர் மகள் படித்துக் காட்டுவாளாம்.

எழுதிக் கொடுத்தேன்.

நல்லசாமி சொல்வது போல, அவன் வாயில் வைத்து எழுதினேன். ஒன்பது வரி வந்தது. முதல் வரி, முதலாளியின் தங்கை கேட்டதால் முதலாளி வண்டியை எடுத்தார் என்பது. என்னை விட்டுவிட்டு எழுதவில்லை. ஐந்தாவது வரிக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. பிறகு அதையும் எழுதினேன். எது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

தமயந்தி


பழனி
6-11-1959

உன் கையெழுத்தில் ஒரு காகிதம் அவர்கள் கையில் இருக்கிறது. அதைக் கோர்ட்டில் நீட்டினால் நான் ஒழிந்தேன், உன் வேலையும் ஒழிந்தது. புத்தி எங்கே போயிற்று உனக்கு?

இதைப் பார்த்ததும் நாயுடுபுரத்துக்குப் போ. தப்பாக எழுதிவிட்டேன், திருத்தித் தருகிறேன் என்று ஏதாவது சொல்லு. காகிதத்தோடு திரும்பு. வெரசாப் போ. எனக்குத் தந்தி கொடு.


அட்டுவம்பட்டி
9-11-1959

அண்ணனுக்கு,

போக மாட்டேன். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

நீ யார் பக்கம் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். எனக்கே தெரியவில்லை. வக்கீலின் காகிதத்தை நான் எரிக்கவில்லை. என் ஒன்பது வரியையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து இன்னொன்றை. முதல் காகிதம் மடமடவென்று வருகிறது. நானே எழுதியது, கண்ணால் கண்டது, ஐந்தாவது வரியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில்.

சம்மன் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

தமயந்தி


பழனி
14-11-1959

தமயந்திக்கு,

நானே நாயுடுபுரம் போய்விட்டு நேற்றுத் திரும்பினேன். உன்னைப் பார்க்க வரவில்லை. பார்க்கிற நிலைமையில் இல்லை.

நல்லசாமி வீட்டில் இல்லை. இருளாயி வாசலில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். காகிதம் எங்கே என்று கேட்டேன். அதட்டித்தான் கேட்டேன். பிடுங்க வேண்டி வந்தால் பிடுங்குவது என்று போயிருந்தேன். அவள் உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டாள்.

"கொண்டு போங்க மொதலாளி. எனக்குத்தான் வந்திருச்சே" என்றாள்.

தபால்காரர் மகள் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடமாகிவிட்டதாம். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். நம் பேச்சில் இல்லை, நீ எழுதிய எழுத்துத் தமிழில், கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. என் பேர் வருகிற இடத்தில் "ஓட்டியது குமாரவேல்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அதில் கோபமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. பாடத்தில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். போகலாம் என்று திரும்பினேன். அப்போது ஐந்தாவது வரி வந்தது.

"வண்டி நின்றதும் முதலாளி என்னை இழுத்துத் தன் இடத்தில் உட்காரவைத்தார். இடம் மாறி முடிக்கும் வரை அந்த அம்மாள் முனகுவது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் இறங்கினோம்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

இதை உன் வீட்டுக்காரன் உன்னிடம் முன்னமே சொன்னானா என்று கேட்டேன்.

"இல்லிங்க. காயிதத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த எடம் வந்தா அவரு எந்திரிச்சு வெளிய போயிர்றாரு. அதுதான் இன்னும் அவருக்குப் பாடமாகாமக் கெடக்கு" என்றாள்.

நீ நம்புவாயோ மாட்டாயோ. மூன்று மாதத்துக்கு மேலாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, அன்றைக்கு நான் நடுவில் உட்கார்ந்திருந்ததாகவே எனக்கு ஆகிப்போயிருந்தது. போலீஸிடம் சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன், சுந்தராம்பாளிடம், கடைக்கு வருகிறவனிடமெல்லாம் சொன்னேன். எத்தனை உரு என்று எண்ணவில்லை. அவள் சொன்னதும், இடம் மாறும்போது கியர்த் தடியில் முழங்கால் இடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ஒரு மாதம் நொண்டினேன். விழுந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

வெறும் எண்ணிக்கைதான் என்று உனக்கு எழுதினேன். தெரியாமல் எழுதிவிட்டேன்.

காகிதம் என்னிடம் இருக்கிறது. எரிக்கவில்லை. அப்பாவிடம் நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சுந்தராம்பாளுக்கு நீயே சொல்லு. வேற யாரும் சொல்லக் கேக்கக் கூடாது" என்றார். இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். நீ எதையும் உருப்போட வேண்டாம்.

குமாரவேல்


அட்டுவம்பட்டி
20-3-1960

அண்ணனுக்கு,

ஜெயில் முத்திரையோடு வந்த உங்கள் அட்டை கிடைத்தது. மதுரை வெயில் ஒத்துக்கொள்கிறதா, முழங்கால் எப்படி இருக்கிறது, இரண்டையும் எழுதவில்லை.

மதினியையும் குழந்தையையும் பார்க்கப் பழனிக்குப் போயிருந்தேன். மதினி கதவைத் திறந்தார்கள். பிள்ளையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நெற்றி உங்களுடையது. பஸ்ஸுக்கு நேரமாகும் வரை மடியில் வைத்திருந்தேன். திரும்ப வாங்கிக்கொள்ளும்போது, "ஒரு வருஷம்" என்றார்கள். என்னிடம்தான் சொன்னார்களா, தனக்குத்தானே சொன்னார்களா தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதமும் போவேன்.

நல்லசாமிக்கு வேறு லாரியில் வேலை கிடைத்திருக்கிறது. வத்தலக்குண்டுக்குக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போகிறான். என்னை வழியில் பார்த்தால் வேகத்தைக் குறைக்கிறான், பேசுவதில்லை. போலீஸில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டதை ஹெட்மிஸ்ட்ரஸிடம் நானே சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொன்னார். மறுநாள் வகுப்புக்குப் போகச் சொன்னார்.

நீங்கள் இதுவரை ஒன்றைக் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், ஆகையால் நானே சொல்கிறேன். அன்றைக்குக் கோர்ட்டில் கூண்டில் ஏறி என் பேரையும் ஊரையும் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "வண்டியை ஓட்டியது யார்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டீர்கள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், "நான் ஓட்டினேங்க" என்றீர்கள். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் என் நாக்கு நுனியில் இருந்தது வக்கீலின் முதல் வரி. என் ஒன்பது வரியைச் சொல்ல வேண்டும் என்றுதான் படியேறினேன், சத்தியமாக. ஆனால் வந்து நின்றது அதுதான். நீங்கள் எழுந்திருக்காவிட்டால் எது வெளியே வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக மதினி நினைக்கிறார்கள். காட்டிக்கொடுக்கிற தைரியம் எனக்கு இருந்ததா என்பதே சந்தேகம்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளங்கிக்குப் போனேன். பிச்சையம்மாளின் வீட்டுக்கு. எட்டு மாதமாகப் போகாமல் இருந்திருக்கிறேன், அதுவும் பக்கத்தில் இருந்துகொண்டு. அவர் கணவர் திருமலைச்சாமி தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னேன். ஐந்தாவது வரியில் இருப்பதையும் சொன்னேன். தடங்கித் தடங்கித்தான் சொன்னேன், ஆனால் சொல்லி முடித்தேன்.

அவர் கோர்ட்டில் எல்லாவற்றையும் கேட்டவர்தான். கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "கடைசியா ஏதாச்சும் பேசுனாளா?" என்றார்.

அண்ணா, இதை இதுவரை யாருமே கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, இரண்டு வக்கீல்களும் கேட்கவில்லை. அதனால் பதினோரு வரியிலும் அது இல்லை, ஒன்பது வரியிலும் இல்லை. நீங்கள் அப்போது ஆள் கூப்பிட மேட்டுக்கு ஓடியிருந்தீர்கள். நல்லசாமி சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேசினார்கள் என்றேன்.

"என்னன்னு?"

"'பூண்டெல்லாம் செதறிருச்சா?'ன்னு கேட்டாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்ல, அப்படியே இருக்குன்னு சொன்னேன்" என்றேன். பொய்தான். ரோடு முழுக்கக் கிடந்தது.

அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்தார். "அது சரி" என்றார். பிறகு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

தமயந்தி